பெட்டி போட்டேன், படத்தைக் காணோம்!

அக்காவின் திருமண வரவேற்பில் திரையில் ஓட்ட ஒரு நிமிட வீடியோ தேவைப்பட்டது. "நீதான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆச்சே" என்று வேலையை என் தலையில் கட்டி விட்டார்கள். எனக்குத் தெரிந்தது புரோகிராம் எழுதுவது மட்டும்தான். அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சாஃப்ட்வேரை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன்.

வீடியோவில் முதலில் வர வேண்டியது தாத்தாவின் போட்டோ. அசல் பிரிண்ட் மழையில் நனைந்து வீணாகி விட்டது. ஸ்கேன் செய்த ஒரே ஒரு ஃபைல்தான் மிச்சம். அதன் கீழே பெயர் எழுத ஒரு பெட்டி போடலாம் என்று ரெக்டாங்கிள் டூலை எடுத்து மவுஸை இழுத்தேன். பெட்டி வரவில்லை. தாத்தாவின் வேட்டி மட்டும் ஒரு துண்டு தெரிந்தது. முகத்தைக் காணோம்! பதற்றத்தில் சேவ் வேறு செய்து விட்டேன்.

நடந்தது இதுதான். இந்த சாஃப்ட்வேரில் ஒரே டூல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. எந்த லேயரையும் தேர்வு செய்யாமல் வரைந்தால் அது ஷேப், அதாவது புதிய படம். போட்டோ லேயரைத் தேர்வு செய்துவிட்டு வரைந்தால் அது மாஸ்க், அதாவது ஜன்னல். ஜன்னலுக்குள் இருப்பது மட்டுமே தெரியும்.

ஷேப் வரைய

1. எஃப்2 கீயை அழுத்துங்கள். எல்லாத் தேர்வும் நீங்கிவிடும்.
2. க்யூ கீயை அழுத்தி டூலை எடுத்து வரையுங்கள். டைம்லைனில் புதிய ஷேப் லேயர் வரும்.
3. மேலே உள்ள ஃபில், ஸ்ட்ரோக் மூலம் உள்நிறத்தையும் கோட்டின் நிறத்தையும் மாற்றலாம்.

மாஸ்க் போட

1. டைம்லைனில் போட்டோ லேயரைக் கிளிக் செய்யுங்கள்.
2. எலிப்ஸ் டூலை எடுத்து, ஷிப்ட் கீயை அழுத்தியபடி முகத்தைச் சுற்றி வரையுங்கள். வட்டம் கிடைக்கும்.
3. எஃப் கீயை அழுத்தினால் மாஸ்க் ஃபெதர் வரும். எண்ணைக் கூட்டினால் ஓரம் மென்மையாகும்.
4. எம் கீயை வேகமாக இருமுறை அழுத்தினால் மாஸ்க் எக்ஸ்பான்ஷன் தெரியும். அதன் பக்கத்தில் உள்ள ஸ்டாப்வாட்சைக் கிளிக் செய்து, தொடக்கத்தில் வட்டம் மறையும் அளவுக்கு மைனஸ் எண் கொடுங்கள். இரண்டு விநாடி தள்ளிச் சென்று 0 கொடுங்கள். முகம் வட்டமாக விரியும்.

ஷேப் லேயரையே தேர்வு செய்திருந்தால் டூல் பாரில் இரண்டு பட்டன்கள் வரும். வரைவது ஷேப்பா, மாஸ்க்கா என்பதை அங்கே சொல்லி விடலாம்.

போட்டோ என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. மாஸ்க் மறைக்கும், அழிக்காது. சேவ் ஆவது புராஜெக்ட் ஃபைல்தான். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் போட்டோவை அது தொடுவதில்லை. மாஸ்க் பெயருக்கு எதிரே ஆட் என்று இருந்ததை நன் என்று மாற்றினேன். தாத்தா முழுசாகத் திரும்பி வந்தார்!

மண்டபத்தில் அவர் முகம் திரையில் விரிந்தபோது பாட்டி எழுந்து நின்று பார்த்தார். மறுநாள் நான் செய்த முதல் வேலை, அந்த ஃபைலை இரண்டு பென் டிரைவ்களில் காப்பி செய்ததுதான். நீங்கள் அதை முதல் நாளே செய்து விடுங்கள்.