டின்னைத் திருப்பிப் பாருங்கள்!



ஜொகூர் பக்கத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். பேரப்பிள்ளையைப் பார்க்கவென்று கிளமெண்டி வரை போய் வந்த தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அங்கே கடையில பாட்டில் மேல ஏ, பி, சி, டின்னு பள்ளிக்கூட மார்க்கு மாதிரி எழுத்து போட்டிருக்கே, அது என்னங்க?" நல்ல கேள்வி. கிளமெண்டி மாலில் இருக்கும் ஃபேர்பிரைஸ் கடைக்குப் போனால் குடிபான வரிசை முழுக்க இந்த எழுத்தைப் பார்க்கலாம். (அந்தக் கடையே 1973-இல், விலைவாசி ஏறி ஜனங்கள் தவித்தபோது, அங்குள்ள தொழிற்சங்கங்கள் தொடங்கியதுதான் என்பதைச் சங்கத் தோழர்கள் தெரிந்துகொள்வது நல்லது.)

அந்த அடையாளத்துக்கு நியூட்ரி-கிரேட் என்று பெயர். 2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் சட்டமாக இருக்கிறது. குடிபானத்தில் எவ்வளவு சீனி, எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு என்று பார்த்து எழுத்து கொடுக்கிறார்கள். சீனிக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 100 மில்லி லிட்டரில் 1 கிராம் வரை இருந்து, இனிப்புக்காக வேறு எந்த மருந்தும் சேர்க்காமல் இருந்தால் ஏ. 5 கிராம் வரை பி. 10 கிராம் வரை சி. அதற்கு மேல் போனால் டி, சிவப்பு நிறம். சி-யும் டி-யும் கட்டாயம் எழுத்தைப் போட்டே ஆகணும். டி வாங்கிய பானத்துக்கு, விற்கிற கடையைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக் கூடாது. 2023 டிசம்பர் 30 முதல் பெரிய கடைகளில் கலக்கிக் கொடுக்கிற கோப்பி, தேத்தண்ணிக்கும் இதே சட்டம்.

இதனால் என்ன நடந்தது தெரியுமா? சிவப்பு எழுத்துக்குப் பயந்து கம்பெனிக்காரர்கள் தாங்களாகவே சீனியைக் குறைத்தார்கள். 2017-இல் அங்கே அடைத்து விற்ற பானங்களில் நடுத்தரமான ஒன்றை எடுத்தால் 100-க்கு 7.1 பங்கு சீனி. 2023-இல் அது 4.6. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. உள்ளே இருப்பதை வெளியே எழுது என்றார்கள், அவ்வளவுதான்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. அது 100 மில்லிக்குப் போட்ட கணக்கு. நாம் 100 மில்லியா குடிக்கிறோம்? பி எழுத்துப் பானம் ஒன்றில் 100-க்கு 5 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் பாட்டிலை வீட்டில் எல்லாரும் குடித்துத் தீர்த்தால் 75 கிராம். ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் பதினைந்து கரண்டி சீனி! ஒரு பெரிய ஆள் நாளெல்லாம் சேர்த்துச் சாப்பிடக்கூடிய இந்தச் சீனி 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு. தூள் பொட்டலத்துக்கும் இதே சங்கதிதான். பொட்டலத்தில் எழுதியபடி தண்ணீர் ஊற்றினால்தான் அந்த எழுத்து செல்லும். நாம் பாதித் தண்ணீரில் கலக்கி, மேலே டின் பாலையும் ஊற்றினால் எழுத்து போச்சு.

சரி, நம் தோட்டத்துக் கடையில் இந்த எழுத்து இல்லையே, என்ன செய்வது? பின்பக்கம் திருப்புங்கள். 2003-இல் கொண்டுவந்த விதிப்படி ரொட்டி, பால் சாமான், டின் சாமான், குடிபானம் இவற்றின் மேல் சத்து விவரக் கட்டம் போட வேண்டும். அதற்கு முன் பெயரும் எடையும் சேர்மானமும்தான் பெரும்பாலும் இருக்கும். கட்டத்தில் மலாயில் எழுதியிருப்பதைப் படிக்க நாலு சொல் போதும். குலா என்றால் சீனி. லெமாக் என்றால் கொழுப்பு. நாட்ரியம் என்றால் சோடியம், அதாவது உப்பில் இருக்கிற சத்து. ஹிடாங்கன் என்றால் ஒரு தடவை பரிமாறும் அளவு. இந்த ஹிடாங்கனில்தான் ஏமாறுகிறோம். பிஸ்கட் பொட்டலத்தில் 'ஒரு ஹிடாங்கன் மூன்று பிஸ்கட்' என்று போட்டு அதற்கு மட்டும் கணக்கு எழுதியிருப்பான். கோப்பியில் தொட்டுத் தொட்டு எட்டு, பத்து உள்ளே போகிறது.

சேர்மானப் பட்டியலையும் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். வீட்டில் இருக்கிற டின் பாலை எடுத்துப் படியுங்கள். அநேகமாக முதலில் நிற்பது சீனி அல்லது பால். சில டின்களில் செம்பனை எண்ணெயும் இருக்கும். நாம் வெட்டிய குலைதான் சுற்றி வந்து நம் தேத்தண்ணியில் விழுகிறது! டின் பாலில் பாதிக்கு மேல் சீனி. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் ஏறக்குறைய 11 கிராம். நாளைக்கு நாலு கோப்பை குடிக்கிறவர் கணக்கைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இந்த டின்னுக்கு ஒரு பழைய கதை உண்டு. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். தாய்ப்பாலை விட்டு, இனிப்பு டின் பாலைக் கரைத்துக் கொடுத்ததால் குழந்தைகள் மெலிந்து சாவதைக் கண்ணால் கண்டவர். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில், பெரிய மனிதர்கள் நடுவில், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார். டின் பால் குழந்தைக்கு நல்லது என்று விளம்பரம் செய்து அதனால் வரும் சாவைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்றார். இன்றைக்கும், அம்மா பால் வெட்டப் போன நேரத்தில் அழுகிற பிள்ளைக்குப் பாட்டிமார் இதைக் கரைத்துக் கொடுப்பது உண்டு. செய்யாதீங்க, ஆத்தா! சீனிதான் போகுமே தவிர, பிள்ளை வளர வேண்டிய சத்து போகாது.

பெரியவர்களுக்கு என்ன ஆபத்து? இனிப்புநீர் வந்து காலை எடுத்தவர் ஒருவராவது இல்லாத லயம் எது? 2019-இல் அரசாங்கம் எடுத்த ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடம் அதைவிட அதிகம். வெயிலில் குலை வெட்டுகிறவர் களைப்புக்குக் கலர் தண்ணி குடிக்கிறார். தாகத்துக்குப் பச்சைத் தண்ணி போதும். அதற்குக் காசும் இல்லை.

இனி உப்பு. சிங்கப்பூரில் உப்பு, கிச்சாப் போன்ற குழம்புச் சாமான்கள், எண்ணெய், மீ பொட்டலம் இவற்றுக்கும் 2027 நடுவிலிருந்து இந்த எழுத்து வரும் என்று 2024-இலேயே அறிவித்துவிட்டார்கள். நாம் அதுவரை காத்திருக்க வேண்டாம், கட்டத்தில் நாட்ரியம் பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம்தான் எல்லை. அது ஒரு தேக்கரண்டி உப்பு. ஒரே மீ பொட்டலத்தில் 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். அதில் பெரும்பங்கு அந்தச் சின்னத் தூள் பையில்தான் இருக்கிறது. பாதித் தூளைப் போடுங்கள், சூப்பை மிச்சம் விடுங்கள். பிள்ளைகள் முதல் வாரம் சப்பென்று இருக்குதுன்னு முகத்தைச் சுளிக்கும். ஒரு பச்சை மிளகாயும் ஒரு பிடி கீரையும் முட்டையும் போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.