அழிறப்பரும் உப்புக்காற்றும்

வாடைக்காற்றோடு மழை இறங்கி மூன்று நாள் ஆனால் குறிஞ்சாக்கேணியில் என் கடைக்குக் கணினிகள் வரத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே வருத்தம். காலையில் சுவிட்சைப் போட்டால் திரை இருட்டாகவே கிடக்கும். பெட்டிக்குள்ளிருந்து பீப், பீப் என்று விடாமல் சத்தம் வரும். அல்லது விண்டோஸ் பாதிவழி வந்து நீலத்திரையில் நின்றுவிடும். அதன் அடியில் 'மெமரி மேனேஜ்மெண்ட்' என்றோ, 'பேஜ் ஃபோல்ட்' என்று தொடங்கும் ஒரு வரியோ இருக்கும். வெயில் ஏறிய பிறகு அதே கணினி சுகமாக வேலை செய்யும்.

ஒரு மாரியில் ஒரு ராத்தா தன் கணினியை உரப்பையில் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தார். வீட்டு முன்னறையில் போட்டோக்கொப்பி எடுப்பவர். விண்ணப்பங்களும் பள்ளிக்கூட வினாத்தாள்களும் டைப் செய்து கொடுத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். வேறோர் இடத்தில் மதர்போர்ட் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. இது இனிச் சரிவருமா?"

"இருங்க ராத்தா. முதல்ல மகள்ட அழிறப்பரத் தாங்க."

நான் தொழில் பழகிய காலத்தில் எங்கள் பகுதியைத் திருகோணமலையோடு இணைக்கும் கிண்ணியாப் பாலம் இல்லை. அது 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஒரு ரெம் துண்டு வேண்டுமென்றாலும் மிதவைப் பாதையில் ஏறித் துறை கடந்து திருகோணமலைக்குப் போக வேண்டும். போய்வந்தால் ஒரு நாள் சரி. அதனால், வாங்குவதற்கு முன் இருப்பதைத் துடைத்துப் பார், மாற்றிப் பார் என்பதுதான் எனக்குக் கற்றுத்தந்தவர் சொன்ன முதல் பாடம்.

ரெம் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குச் சூடடிக்கும் களத்தைச் சொல்லித்தான் விளங்கப்படுத்துவேன். அறுத்த கதிர் களத்துக்கு வந்து நெல்லாகி, மூட்டையாகி, வீட்டு அறைக்குப் போகும். களம் ரெம், மூட்டை அடுக்கும் அறை ஹார்ட் டிஸ்க். நீங்கள் எழுதும் கடிதமும் திறக்கும் படமும் களத்தில்தான் புரள்கின்றன. 'மெமரி ஃபுல்' என்று ஆட்கள் போனை நீட்டும்போது அவர்கள் சொல்வது அறை நிறைந்ததைப் பற்றி. அது வேறு வருத்தம், படங்களை அழித்தால் தீரும்.

8 ஜிபி ரெம்மில் 6,800 கோடிக்கு மேற்பட்ட நுண்கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் துளி மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த மின்னேற்றம் கசிந்துகொண்டே இருப்பதால், வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு தடவை எல்லாக் கலங்களையும் திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏறினால் கசிவும் கூடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி அடைத்து விசிறி சுற்றாத பெட்டிகள் மத்தியானத்தில் நின்றுபோவதற்கு அதுவும் ஒரு காரணம். மாரியில் காரணம் வேறு. ஒரு பக்கம் கொட்டியாரக் குடா, மறுபக்கம் தம்பலகாமக் குடா. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே தின்னும் காற்று இது. பழைய டிடிஆர்3 ரெம் ஒன்றின் விளிம்பில் 240 தொடுமுனைகள். அவற்றின் பொன்முலாம் மிக மெல்லியது. ஈரமும் உப்பும் அதன் நுண்துளைகளூடே இறங்கிக் கீழிருக்கும் உலோகத்தைத் தொட்டுவிடும், மேலே அழுக்குப் படலமும் படியும். ஒரு முனை சரியாகத் தொடாவிட்டாலும் போதும், கணினி தடுமாறும்.

ராத்தாவின் பெட்டியில் 4 ஜிபி துண்டுகள் இரண்டு. கரண்ட் வயரைக் கழற்றினேன். பவர் பொத்தானை ஒருதரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்தேன். உடம்பில் இருக்கும் நிலைமின் ரெம்முக்கு ஆகாது, ஆகவே பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். இரு பக்கக் கொழுக்கிகளையும் அமர்த்தினால் ரெம் தானாக எழும்பும். வெள்ளை அழிறப்பரால் விளிம்பை மெதுவாக, ஒரே திசையில் நாலைந்து தரம் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தால், அடிக்கடி தேய்த்தால், முலாமே போய்விடும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் கிடைத்தால் அதுதான் இன்னும் நல்லது. ஈரத்துணியும் அரத்தாளும் கூடவே கூடாது. அழிறப்பர்த் தூள் செருகுபள்ளத்துக்குள் விழாமல் தூரிகையால் தட்டி, 'கிளிக்' என்று இரு பக்கமும் பூட்டும்வரை அழுத்தினேன். திரை எழும்பியது. மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை. ராத்தா அழுதுவிட்டார்.

துடைத்தும் சரிவராவிட்டால் ஒரு துண்டை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மற்றதை, அதே பள்ளத்தில். பிறகு அடுத்த பள்ளத்தில். பிழை துண்டோடு போகிறதா, பள்ளத்தோடு நிற்கிறதா என்று கவனியுங்கள். துண்டோடு போனால் ரெம் பழுது. பள்ளத்தோடு நின்றால் அப்போதுதான் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமலே ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானத்தைச் செலவுக் கணக்காக எழுதிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரே ஒரு செயலி மட்டும் மெமரி பிழை காட்டி மூடிக்கொண்டால் பெரும்பாலும் அந்தச் செயலியில்தான் கோளாறு. புதிதாக ஏதாவது டிரைவர் ஏற்றிய மறுநாள் நீலத்திரை வந்தால் அதை நீக்கிப் பாருங்கள். மெமரி போதவில்லை என்று விண்டோஸ் முறையிட்டால் ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். களம் நிறைந்தால் அறையில் ஒரு மூலையைத்தான் அது கடன் வாங்கும்.

இரண்டு கிழமை கழித்து ராத்தா திரும்ப வந்தார். இந்தத் தடவை நீலத்திரை இல்லை. சில வினாத்தாள்கள் திறக்கவில்லை, சில படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். இதுதான் எனக்குப் பயமான நோய். கணினி நின்றுபோனால் நமக்குத் தெரியும். நிற்காமல், பழுதான களத்தில் கெட்ட நெல்லை மூட்டையாக்கி அறைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியும்?

2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்கெடுப்பு நடந்தபோது ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண் அது. மெமரியில் ஒரேயொரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆகப் புரண்டிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். கிடைக்கக்கூடிய வாக்குகளை மிஞ்சியதால் மட்டுமே அது பிடிபட்டது.

விண்டோஸிலேயே 'மெமரி டயக்னொஸ்டிக்' என்றொரு சோதனை இருக்கிறது. ஸ்டார்ட் பட்டியலில் தேடினால் வரும். ராத்தாவின் கணினியில் முதலில் அதை ஓடவிட்டேன். பிழை இல்லை என்றது. எனக்கு மனம் கேட்கவில்லை. 'மெம்டெஸ்ட்86 பிளஸ்' என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பி இரவு முழுக்க விட்டேன். சுபஹுக்கு எழும்பிப் போய்ப் பார்த்தபோது திரையில் சிவப்பு வரிகள். துண்டுகளைத் தனித்தனியே சோதித்ததில் ஒன்றுதான் பழுது. ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தத் துண்டை நம்பக் கூடாது.

கோப்புகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிப் பழுதான ரெம் உள்ள கணினியிலேயே படியெடுப்பதைப் பலர் செய்கிறார்கள். படிகளும் அதே களம் வழியாகத்தானே போக வேண்டும்? நான் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என் கணினியில் மாட்டித்தான் எடுத்தேன். மூன்று வினாத்தாள்கள் மீளவே இல்லை. ராத்தா அவற்றைத் திரும்ப டைப் செய்தார்.

2022இல் ரூபாய் விழுந்தபோது உதிரிப்பாகம் எங்கள் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போனது. 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கென்று உலகெங்கும் ரெம் அள்ளப்பட்டதில் விலை மறுபடி ஏறியது. அதனால் நல்ல துண்டொன்றைப் பழுதென்று எறிவதும், பழுதானதை நல்லதென்று இன்னொருவர் தலையில் கட்டுவதும் எனக்கு ஒரே அளவு வலிக்கிறது. ராத்தாவின் பழுதான துண்டில் பேனையால் குறுக்குக்கோடு போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன். மிச்சம் 4 ஜிபியோடு அவர் கணினி ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாக.

அடுத்த மாரியில் ஒரு காலை அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, விடிய பீப் அடிச்சிச்சு. வயரக் கழட்டி, இரும்பத் தொட்டு, நானே துடைச்சுப் போட்டன். இப்ப நல்லா ஓடுது. உள்ளுக்க விசிறியில புழுதி கிடக்கு, அத எதால எடுக்க?"