எக்ஸ்(3872) துகளின் உருவாக்கம்

எக்ஸ்(3872) என்பது இரண்டு குவார்க்குகளையும் இரண்டு எதிர்க்குவார்க்குகளையும் கொண்டதாகக் கருதப்படும், வழக்கத்திற்கு மாறான ஒரு துகள் ஆகும். 2003ஆம் ஆண்டு ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தில் பெல் ஆய்வுக்குழுவினர் இதைக் கண்டறிந்தனர். பெயரிலுள்ள எண் இதன் நிறையை மெகா எலக்ட்ரான் வோல்ட் அலகில் குறிக்கிறது. இது புரோட்டானின் நிறையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு.

பாடநூல்களில் நாம் காண்பவை இரண்டு வகைகளே. மூன்று குவார்க்குகள் சேர்ந்தால் புரோட்டான் போன்ற பாரியான். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் சேர்ந்தால் மீசான். நான்கும் சேரலாம் என்பதை 1964ஆம் ஆண்டிலேயே முர்ரே கெல்-மான் தம் குவார்க்குக் கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார். ஆனால் அந்த நான்கும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதில்தான் சிக்கல். ஒரே உருண்டையாக நெருங்கி இருக்கின்றனவா? அல்லது டி மீசான், டி-ஸ்டார் மீசான் என்னும் இரண்டும் மூலக்கூறு போலத் தளர்வாகப் பிணைந்துள்ளனவா? இவ்விரு மீசான்களின் நிறைகளைக் கூட்டினால் எக்ஸ் துகளின் நிறை ஏறத்தாழ அப்படியே கிடைக்கிறது. எனவே இது மூலக்கூறு எனில், அதன் பிணைப்பாற்றல் டியூட்ரானின் 2.2 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைவிட மிகமிகக் குறைவு.

இங்கேதான் மோதல் கணக்கு வருகிறது. அமெரிக்காவின் டெவட்ரான் முடுக்கியில் புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் மோதியபோது எக்ஸ் துகள்கள் கணிசமாகத் தோன்றின. பள்ளி விடும் மணி அடித்ததும் பிள்ளைகள் நாலாபக்கமும் ஓடுவதை எண்ணிப் பாருங்கள். அவர்களுள் இருவர் ஒரே திசையில், ஒரே வேகத்தில், அருகருகே செல்வது எவ்வளவு அரிது! தளர்வான மூலக்கூறு உருவாக, இரு மீசான்களும் அப்படிச் செல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டு பிஞ்ஞாமினி, கிரின்ஸ்டீன், போலோசா முதலியோர் கணினி உருவகப்படுத்தல் மூலம் இதைக் கணக்கிட்டனர். அளவிடப்பட்ட உருவாக்கம் கணக்கைவிட முப்பது மடங்குக்கும் அதிகமாக இருந்தது. ஆகவே மூலக்கூறு விளக்கம் பொருந்தாது என்றனர்.

ஆர்டுவாசனே, பிராட்டன் இருவரும் இதை மறுத்தனர். மீசான்கள் பிறந்த பின்னும் ஒன்றையொன்று ஈர்த்துச் சிதறுகின்றன. ஆகவே சற்றுக் கூடுதலான சார்பு உந்தம் கொண்ட இணைகளும் பிணையலாம் என்பது அவர்கள் வாதம். உந்த வரம்பைச் சிறிது உயர்த்தினாலே விடை பெருமளவு மாறிவிடுகிறது. என் பார்வையில் இந்த விவாதத்தின் உயிர்நாடி இந்த வரம்பே.

செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சிபி குழு, மோதலில் பிறக்கும் துகள்களின் எண்ணிக்கை கூடக்கூட, சை(2எஸ்) துகளோடு ஒப்பிடுகையில் எக்ஸ் குறைவதாக 2021ஆம் ஆண்டு வெளியிட்டது. தளர்ந்த பிணைப்பு நெரிசலில் எளிதில் உடையும் என்பது ஒரு விளக்கம். நெருங்கிய நாற்குவார்க்கும் உடையக்கூடும் என்போர் அதே அளவீட்டைத் தம் பக்கச் சான்றாகக் காட்டுகின்றனர்.