பெரிய சக்கரமா, சிறிய சக்கரமா?

1977-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தளத்தில் ஒரு மஞ்சள் நிறக் கார் ஓடிற்று. பிரான்சின் ரெனோ நிறுவனம் செய்த அதன் எஞ்சின் 1.5 லிட்டர்தான். உடன் ஓடிய மற்ற கார்களின் எஞ்சின்களோ 3 லிட்டர். பாதியளவு எஞ்சினுடன் போட்டியிடும் துணிவை அதற்குத் தந்தது டர்போசார்ஜர் என்னும் கருவி. ஆனால் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆற்றல் உடனே வரவில்லை. சற்றுப் பொறுத்து, திடீரென்று வந்தது. எஞ்சின் அடிக்கடி பழுதாகிப் புகை கக்கவே, 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று அதைக் கேலி செய்தார்கள். இந்தத் தாமதம் எதனால் வந்தது?

டர்போசார்ஜர் என்பது ஒரே தண்டின் இரு முனைகளில் பொருத்திய இரண்டு சக்கரங்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயு டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மறுமுனையிலுள்ள அமுக்கிச் சக்கரம் உடன் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார்.

இப்போது நாமே ஒரு 2 லிட்டர் கார் எஞ்சினுக்கு டர்போ தேர்ந்தெடுப்போமா? முதலில் காற்றுக் கணக்கு. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 6000 சுற்றில் 3000 முறை; அதாவது 6000 லிட்டர். உருளைகள் 90 சதவீதமே நிரம்புவதாகக் கொண்டால் 5400 லிட்டர். வினாடிக்கு 90 லிட்டர். ஒரு லிட்டர் காற்றின் நிறை 1.2 கிராம் எனில், வினாடிக்கு 108 கிராம்.

காற்றழுத்தத்தை 1.6 மடங்காக்கினால் நிறையும் 1.6 மடங்காகுமா? ஆகாது! சைக்கிள் பம்பு அடிக்கும்போது சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று சூடாகி விரிகிறது. அமுக்கியின் திறன் 70 சதவீதமானால், 27 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்று ஏறக்குறைய 89 டிகிரியில் வெளிவரும், அடர்த்தி 1.33 மடங்கே உயரும். நமக்குக் கிடைப்பது வினாடிக்குச் சுமார் 143 கிராம். திறன் 50 சதவீதமாகக் குறைந்தால் வெப்பநிலை 113 டிகிரியாகும், அடர்த்தி 1.24 மடங்குதான். அளவுக்கு மீறிச் சூடான காற்று எரிபொருளை நேரந்தவறி வெடிக்கச் செய்து பிஸ்டனையே சிதைத்துவிடலாம். ஆகவே அமுக்கியை அதன் திறன் மிகுந்த இடத்தில் வேலை வாங்க வேண்டும்.

அந்த இடத்தைக் காட்டுவது அமுக்கியின் வரைபடம். கிடையச்சில் காற்றோட்டம், நிலையச்சில் அழுத்த மடங்கு. நிலவியல் படத்தின் சமஉயரக் கோடுகள் போலவே இதில் சமதிறன் கோடுகள் வளையங்களாக இருக்கும். நடு வளையமே திறனின் சிகரம். இடக் கோட்டைத் தாண்டினால் அழுத்திய காற்று பின்னோக்கிப் பாய்ந்து அமுக்கி அதிரும். வலப்புறம் மிகச் சென்றால் மேற்கொண்டு காற்று செல்லாது. 6000 சுற்றில் 143 கிராம். அதே அழுத்தத்தில் 3000 சுற்றில் ஏறத்தாழ அதில் பாதி. இவ்விரு புள்ளிகளும் வரைபடத்துக்குள் அமைய வேண்டும். மிகப் பெரிய அமுக்கியில் முதல் புள்ளி பொருந்தும். இரண்டாவது இடக் கோட்டுக்கு வெளியே விழுந்துவிடும்.

அடுத்து டர்பைன். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் குறுக்கினால் நீர் சீறிப் பாய்கிறதல்லவா? குறுகிய டர்பைன் கூட்டில் சிறிதளவு வாயுவும் வேகமாகப் பாய்ந்து சக்கரத்தை விரைவில் சுழற்றும். ஆனால் எஞ்சின் வேகமாக ஓடும்போது அதே குறுகல் வாயுவைத் தடுத்து எஞ்சினைத் திணறச் செய்யும். அகன்ற கூட்டில் இத்திணறல் இல்லை. குறைந்த சுற்றுகளில்தான் சக்கரம் சோம்பிக் கிடக்கும்.

சக்கரத்தின் அளவும் முக்கியம். ஒரே வடிவமுள்ள சக்கரங்களின் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்தது. விட்டத்தைப் பத்தே சதவீதம் கூட்டுங்கள்; 1.1-இன் ஐந்தாம் படி சுமார் 1.6. அதாவது சக்கரத்தை வேகப்படுத்துவது 60 சதவீதம் கடினமாகிறது!

ரெனோவின் தாமதத்துக்கு இப்போது காரணம் புரிகிறதா? முதலில் ஆறு உருளைகளுக்கும் ஒரே பெரிய டர்போ. 1979-இல் அதை நீக்கி, மூன்று உருளைகளுக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்களைப் பொருத்தினார்கள். தாமதம் குறைந்தது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் பிரான்சின் டிஷோன் நகரில் ழான்-பியர் ழபூய் ஓட்டிய ரெனோ கார் முதலிடம் பெற்றது. பார்முலா 1 பந்தயத்தில் டர்போ எஞ்சினுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

சாலைக் கார்களிலும் இதே பாடந்தான். ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1978-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 2 லிட்டர் '99 டர்போ' காரில் சிறிய டர்பைனையே பொருத்தியது. அழுத்தம் மிகும்போது வாயுவின் ஒரு பகுதியை டர்பைனுக்குச் செல்லாமல் திருப்பிவிட ஒரு வால்வும் வைத்தது.

ஆகவே, "எது பெரியது?" என்று கேட்காதீர்கள். "எந்தச் சுற்றில் எவ்வளவு காற்று வேண்டும்?" என்று கேளுங்கள். அதற்கேற்ற அமுக்கியை முதலில் தேர்ந்து, அதைச் சுழற்றத்தக்க டர்பைனைப் பிறகு இணையுங்கள்.

ஒரு சிறு பயிற்சி: டர்போ இல்லாத 1 லிட்டர் எஞ்சின் 5000 சுற்றில் வினாடிக்கு எவ்வளவு காற்றை இழுக்கும்? 45 கிராம் என்று விடை வந்தால், உங்கள் முதற்படி சரியே.