சிறுநீர்ப்பை புற்றுநோய்: பிசிஜி மருந்து ஏற்றிய பிறகு தாங்க முடியாத எரிச்சல்... கூட இருப்பவர் என்ன செய்யலாம்?

சிறுநீர் கழிக்கப் போனாலே உயிர் போகிற மாதிரி எரிச்சல். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூமுக்கு ஓட்டம். ராத்திரி தூக்கம் கிடையாது. "இனிமே அந்த ஆஸ்பத்திரி பக்கமே வரமாட்டேன்" என்று நோயாளி பிடிவாதம் பிடிப்பார். சிறுநீர்ப்பை புற்றுநோய்க்கு பிசிஜி சிகிச்சை எடுப்பவர்களின் வீடுகளில் இது பழகிப்போன காட்சி.

சிகிச்சை பாதியில் நின்றுபோவதும் பல நேரம் இந்தக் கட்டத்தில்தான். வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது மட்டும் மனைவியின் வேலை அல்ல. எந்த வலி எதிர்பார்த்தது, எது ஆபத்து என்று பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் என மதுரையிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் இதைத் தெரிந்து வைத்திருப்பது இன்னும் அவசியம்.

குழந்தைக்குப் போடும் ஊசி மருந்தா?

ஆமாம், அதே பிசிஜிதான். காசநோய் வராமல் இருக்க, பிறந்த குழந்தையின் இடது தோளில் போடப்பட்டு தழும்பாக நிற்கும் அதே தடுப்பூசி. சென்னை கிண்டியில் இதற்கென்றே 1948-ல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. 1976-ல் கனடாவைச் சேர்ந்த மருத்துவர் அல்வாரோ மொராலெஸ், இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் புற்றுநோய் திரும்ப வருவது குறைகிறது என்று வெளியிட்டார். இன்றைக்கு வரை தசைக்குள் பரவாத, ஆனால் திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள கட்டிகளுக்கு முக்கிய சிகிச்சை இதுதான். சிறுநீர்ப்பை புற்றுநோயில் சுமார் நான்கில் மூன்று பங்கு, தசைக்குள் பரவாத நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுகிறது.

கட்டியை உள்ளிருந்து சுரண்டி எடுத்த சில வாரங்கள் கழித்து, சிறுநீர்க் குழாய் வழியாக டியூப் போட்டு மருந்தை உள்ளே விடுவார்கள். 2 மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, மொத்தம் 6 வாரம். பலருக்கு அதன் பிறகும் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை, இடைவெளி விட்டு விட்டுத் தொடரும்.

உள்ளே போவது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமி. அதை எதிர்த்து உடல் கிளம்பி வரும்போது புற்றுநோய்ச் செல்களும் சேர்ந்து அடி வாங்குகின்றன. அந்தச் சண்டையில் சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்ணாகி விடுகிறது. எரிச்சல், அடிக்கடி போவது, லேசான ரத்தம், உடல்வலி, லேசான காய்ச்சல் எல்லாம் இதனால்தான். மருந்து ஏற்றிய சில மணி நேரத்தில் தொடங்கி, பொதுவாக 2, 3 நாளில் அடங்கும். முதல் இரண்டு டோஸ் லேசாகப் போய்விட்டு, அடுத்தடுத்த டோஸ்களில் வலி கூடுவதும் வழக்கம். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், நான்காவது வாரம் "நோய் முத்திருச்சு போல" என்று வீடே பயந்துவிடும்.

'சூடு பிடிச்சிருக்கும்' என்று விடலாமா?

நம்ம ஊரில் நீர்க்கடுப்பு என்றாலே சூடு என்றுதான் சொல்வார்கள். இளநீர், நுங்கு, வெந்தயம் என்று கை வைத்தியம் ஆரம்பமாகும். இளநீரால் கெடுதல் இல்லை. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிக்கல் மெடிக்கல் ஷாப்பில்தான். நீர்க்கடுப்புக்கு என்று கேட்டால் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அவற்றில் சில, உள்ளே விட்ட பிசிஜி கிருமியையே கொன்றுவிடக்கூடியவை. வலியோடு ஏற்றிக்கொண்ட மருந்தின் பலன் அதோடு போச்சு. எந்த ஆன்டிபயாட்டிக் ஆனாலும் சிகிச்சை தரும் டாக்டருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது.

வலியைக் குறைக்க டாக்டர்களிடம் வழி இருக்கிறது. எரிச்சலுக்கும், சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பதற்கும் மாத்திரை உண்டு. தேவைப்பட்டால் டோஸை ஒரு வாரம் தள்ளிப்போடலாம், அளவையும் குறைக்கலாம். ஆனால் யாராவது சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்? ஆண்கள் பலர் டாக்டர் முன்னால் "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அதனால் ராத்திரி எத்தனை முறை எழுந்தார், ரத்தம் வந்ததா, காய்ச்சல் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்து வைத்து, மனைவியே டாக்டரிடம் நீட்டிவிடுவது நல்லது.

சமையலிலும் கவனம் வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் நமக்குப் பெருமைதான். ஆனால் மருந்து ஏற்றிய இரண்டு மூன்று நாள் காரம், டீ, காபி பலருக்கு எரிச்சலைக் கூட்டும். அந்த நாட்களில் மட்டும் மீன் குழம்பில் மிளகாயைக் குறைத்துக்கொண்டால் போதும்.

பஸ்ஸில் ஏறும் முன்...

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். சிகிச்சைக்கு அங்கே போய் வருபவர்களுக்குப் பயணமே ஒரு தண்டனை. மருந்து ஏற்றுவதற்கு 4 மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். அப்போதுதான் 2 மணி நேரம் அடக்க முடியும். அது முடிந்ததும் நிறையக் குடிக்க வேண்டும். குடித்தால் அடிக்கடி போக வேண்டும். பஸ்ஸில் அது நடக்காத காரியம் என்பதால், பலர் தண்ணீரே குடிக்காமல் ஊர் வந்து சேர்கிறார்கள். எரிச்சல் இன்னும் மோசமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து ஏற்றிய முதல் 6 மணி நேரம் சிறுநீரில் உயிருள்ள கிருமி வெளியேறும். முடிந்தால் அந்த நேரத்தை மதுரையிலேயே உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ கழித்துவிட்டுக் கிளம்பலாம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயில் வருகிறது. பாத்ரூம் வசதிக்காகவே பஸ்ஸைவிட ரயில் மேல்.

அந்த 6 மணி நேரத்தில் ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் டாய்லெட்டில் பிளீச் ஊற்றி, 15 நிமிடம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். நனைந்த துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், பேரக்குழந்தையைத் தூக்கலாம்; அதற்கெல்லாம் பயம் வேண்டாம். தாம்பத்திய உறவில் மட்டும், ஒவ்வொரு டோஸுக்குப் பிறகும் ஒரு வாரத்துக்கு ஆணுறை கட்டாயம். யாரும் கேட்கத் தயங்கும் விஷயம் என்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை.

கிளம்புவதற்கு முன் இன்னொன்று. சிறுநீரில் நன்றாகத் தெரியும்படி ரத்தம், காய்ச்சல், நீர்த்தொற்று இருந்தால் அன்றைக்கு மருந்து ஏற்ற மாட்டார்கள். முதல் நாளே போனில் சொல்லிவிட்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

எது ஆபத்து?

காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரை அழைக்க வேண்டும். 102-ஐத் தாண்டினாலோ, குளிர் நடுக்கம், மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு இருந்தாலோ காத்திருக்கவே கூடாது, உடனே 108. சிறுநீர் அடைத்துக்கொள்வது, ரத்தக் கட்டி வருவது, விரைப்பை வீக்கம், மூட்டு வலி, மஞ்சள் காமாலை எல்லாமே உடனடியாகப் பார்க்க வேண்டியவை. அபூர்வமாக பிசிஜி கிருமியே ரத்தத்தில் கலந்துவிடும். அதற்குக் காசநோய் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். சில மாதம் கழித்துக்கூட இது வரலாம்.

உள்ளூர் டாக்டரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொன்னால், வைரஸ் காய்ச்சல் என்று நினைத்துவிட வாய்ப்புண்டு. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் வார்த்தை "இவருக்கு சிறுநீர்ப்பையில பிசிஜி ஏத்தியிருக்கு" என்பதாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் படம் போனில் எப்போதும் இருக்க வேண்டும்.

கடலுக்குப் போகும் வீடுகளில்...

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கடலுக்குப் போகின்றன. மருந்து ஏற்றிய 2, 3 நாள் படகில் போவது முடியாத காரியம். எந்தக் கிழமை வந்தால் தொழில் குறைவாகக் கெடும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் தப்பு.

மனைவியின் கூலியும் இதில் போகிறது. பாசி எடுக்கவும் மீன் விற்கவும் போகும் பெண்களுக்கு வாரம் ஒரு நாள் மதுரை, இரண்டு நாள் வீட்டில் கவனிப்பு என்றால் வருமானம் பாதியாகிவிடும். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. இந்த மருந்தும் தொடர் டோஸ்களும் அதில் அடங்குமா என்று முதல் டோஸுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிட வேண்டும். ஆறு வாரமும் மனைவியே போக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு வாரம் மகன், ஒரு வாரம் மச்சான் போகலாம். அந்த நோட்டு மட்டும் கூடவே போக வேண்டும்.

வலியில் இருப்பவர் எரிந்து விழுவார். பீடி, சிகரெட்டும் கேட்பார். இந்தப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணமே புகையிலைதான். சிகிச்சையின்போது தொடர்ந்தால் கட்டி திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது. சண்டை போட்டு இதை நிறுத்துவது கஷ்டம். மதுரைக்குப் போகும் நாளில் டாக்டரையே சொல்ல வைப்பது பல வீடுகளில் எடுபடுகிறது.

6 டோஸ் முடிந்து, சிகிச்சை தொடங்கிய சுமார் மூன்றாவது மாதத்தில் கேமரா விட்டு சிறுநீர்ப்பையைப் பார்ப்பார்கள். எரிச்சல் நின்று உடம்பு தேறியிருக்கும் நேரம் என்பதால், "அதான் சரியாயிருச்சே" என்று இந்தப் பரிசோதனையைத் தவறவிடுபவர்கள் உண்டு. கட்டி திரும்பியிருக்கிறதா என்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரியும். தேதியை முதல் நாளே நோட்டில் எழுதி வைத்துவிடலாம்.