எண்ணெயில் ஊறும் சீஸும் வியாபாரிக்கு ஒரு பாடமும்

வாங்கிய பொருளை அப்படியே விற்பவருக்குக் கிடைக்கும் இலாபம் சொற்பம். அதில் கொஞ்சம் கைவேலையும் சில நாள் பொறுமையும் சேர்ப்பவருக்கே நாலு காசு கூடுதலாக மிஞ்சுகிறது. இதை நமது வியாபாரிகளுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் செக் நாட்டு மக்கள் வீட்டிலும் கடையிலும் செய்யும் ஒரு சிற்றுண்டி இதற்கு நல்ல உதாரணமாக இருப்பதால் இவ்வாரம் அதைப்பற்றி எழுதுகிறேன்.

அதன் பெயர் 'நக்லாடனி ஹெர்மெலீன்'. ஊறவைத்த ஹெர்மெலீன் என்பது பொருள். ஹெர்மெலீன், பிரான்சின் கமம்பேர்ட் வகையைச் சேர்ந்த பசும்பால் சீஸ். உள்ளங்கை அளவு வட்டமாக, மேலே வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்து, உள்ளே மென்மையாக இருக்கும். குளிர்காலத்தில் வெண்ணிற ரோமம் தரிக்கும் எர்மின் என்ற சிறு பிராணியின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். அந்நாட்டு பியர் கடைகளில் இது பெயர்பெற்ற பண்டம். ஆனால் இதன் செய்முறையில் மது ஒரு துளியும் இல்லை. சீஸ் உறையவைக்கும் ரெனட் விலங்கிலிருந்து பெறப்பட்டதா, நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டதா என்பதை மட்டும் லேபளில் பார்த்து வாங்க வேண்டும்.

செய்முறை எளிது. அதிகம் கனியாத, சற்று இறுக்கமான சீஸ் வட்டங்கள் நான்கை எடுத்து, ஒவ்வொன்றையும் கிடையாக இரண்டாகப் பிளக்க வேண்டும். நன்கு கனிந்த சீஸ் எண்ணெயில் கரைந்துவிடும். உட்புறத்தில் நசுக்கிய வெள்ளைப்பூடு, மிளகுத்தூள், பப்ரிகா தூள் ஆகியவற்றைத் தடவி மீண்டும் மூட வேண்டும். பின்னர் வாயகன்ற கண்ணாடிப் போத்தலில் சீஸ், வெங்காய வளையம், செத்தல் மிளகாய், முழு மிளகு, பே இலை, ஒல்ஸ்பைஸ் என அடுக்கடுக்காக வைத்து, யாவும் மூழ்கும்வரை சூரியகாந்தி எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒலிவ் எண்ணெய் குளிரில் உறைந்துவிடும். செக் மக்கள் வழக்கமாக ஒரு வாரமளவில் ஊறவிட்டு, பாணுடன் பரிமாறுகிறார்கள்.

இதிலுள்ள வியாபாரக் கணக்கைப் பாருங்கள். விலை கூடிய பொருள் சீஸ் ஒன்றுதான். வெங்காயம், மிளகு, மிளகாய் எல்லாம் சில்லறைச் செலவு. ஓய்வான நேரத்தில் செய்து வைத்தால், கூட்டமான நேரத்தில் சமையற்காரர் தேவையில்லை. போத்தலிலிருந்து எடுத்துத் தட்டில் வைப்பதுதான் வேலை. மூன்றாவது, உப்பும் உறைப்பும் தாகத்தைக் கூட்டும். பண்டம் பானத்தை விற்கும். நமது தேநீர்க் கடைகளில் சிற்றுண்டித் தட்டை மேசையில் வைப்பதும் இதே தந்திரம்தானே!

ஆனால் இலாபக் கணக்குடன் நின்றுவிடக் கூடாது. எண்ணெயில் மூழ்கிய பொருள் கெடாது என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. அது ஆபத்தானது. எண்ணெய் காற்றைத் தடுக்கும். காற்றில்லாத, புளிப்புக் குறைந்த இடத்தில்தான் பொட்டுலிசம் நோயைத் தரும் கிருமி வளர்ந்து நஞ்சை உண்டாக்குகிறது. மண்ணிலிருந்து வரும் வெள்ளைப்பூட்டில் அதன் வித்திகள் இருக்கலாம். நஞ்சு உண்டாகியிருந்தாலும் மணத்திலோ சுவையிலோ தெரியாமல் போகலாம்.

1985ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில், ஓர் உணவகத்தில் சோயா எண்ணெயில் போட்ட வெள்ளைப்பூட்டை உண்ட 36 பேர் இந்நோய்க்கு ஆளானார்கள். குளிரில் வைக்க வேண்டிய போத்தல் வெளியே வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். நியூயோர்க் மாநிலத்திலும் இதுபோன்ற சம்பவம் நடந்த பின்னர், 1989இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எண்ணெயிலிட்டு விற்கும் வெள்ளைப்பூட்டில் அமிலம் சேர்க்க வேண்டும் என உத்தரவிட்டது. நமது அச்சாறு தாக்குப்பிடிப்பது எண்ணெயால் அல்ல, வினாகிரியாலும் உப்பாலும்தான்.

ஆகவே நான் கடைப்பிடிக்கும் முறை இது. உலர்ந்த சரக்குகளை மட்டும் போட்டு சீஸை ஊறவிடுகிறேன். பச்சையான வெள்ளைப்பூட்டையும் வெங்காயத்தையும் பரிமாறும் நாளில்தான் சேர்க்கிறேன். போத்தல் முதல் நாளிலிருந்தே 4 பாகை செல்சியஸுக்கு மேற்படாத குளிரூட்டியில் இருக்கும். நமது நாட்டு உஷ்ணத்தில் அலுமாரியில் வைப்பது கூடவே கூடாது. பூடு சேர்த்ததை நான்கு நாட்களுக்கு மேல் வைப்பதில்லை. மிஞ்சிய எண்ணெயை அடுத்த போத்தலுக்கு ஊற்றுவதுமில்லை.

எண்ணெயில் ஊறிய எந்தப் பொருளையும் விற்க எண்ணும் சகோதரர்கள், போத்தலுக்கும் லேபளுக்கும் ஓடர் கொடுக்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை பெறுங்கள். புளிப்பு, குளிர், காலாவதித் திகதி ஆகிய மூன்றையும் தீர்மானித்த பின்னரே விலையைத் தீர்மானியுங்கள். நூறு போத்தலில் சம்பாதித்த நல்ல பெயரை இழக்க ஒரு போத்தல் போதும்.