தேன் இல்லாத பூவின் கணக்கு

நிறம் உண்டு, மணம் உண்டு, உள்ளே தேன் மட்டும் கிடையாது. தேன் சுரக்கும் செடிகளே தங்கள் கிளைகளில் இப்படிச் சில ‘டம்மி’ பூக்களையும் வைத்திருக்கின்றன. செடிக்குத் தேன் செலவு மிச்சம். ஏமாறுவது தேனீ.

புனேயில் மிலிந்த் வாட்வேயும் அவரது சகாக்களும் இந்த மோசடியைத் துருவினார்கள். பின்னாளில் வண்ணத்துப்பூச்சி ஆய்வில் பெயர் பெற்ற கிருஷ்ணமேக் குந்தேயும் அந்தக் குழுவில் இருந்தார். வேலை சுலபமல்ல. ஒரு பூ காலியாக இருந்தால், வேறு பூச்சி குடித்துவிட்டதா, செடியே சுரக்கவில்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். 2003-ல் ‘ஈகாலஜியா’ ஆய்விதழில் முடிவு வெளியானது: கொத்துக் கொத்தாகப் பூக்கும் இனங்களில்தான் காலிப் பூக்கள் அதிகம்.

ஏன்? பக்கத்துப் பூ ஓர் அங்குலத்தில் இருக்கும்போது, ஏமாந்தாலும் தேனீக்கு நஷ்டம் சில நொடிதான். ஒவ்வொரு பூவையும் நின்று சோதிப்பதைவிட எல்லாவற்றையும் ஒரே மாதிரி பாவித்து நுழைந்துவிடுவது லாபம்.

அமெரிக்க ஆய்வுக்கூடப் புறாக்கள் இதற்கு ஒரு துணைச் சாட்சி. 1956-ல் கட்மன், காலிஷ் இருவரும் ஒரு குறிப்பிட்ட நிற விளக்கைக் கொத்தினால் தானியம் என்று புறாக்களைப் பழக்கினார்கள். பிறகு வேறு நிறங்களைக் காட்டியபோது, நிறம் விலக விலகக் கொத்துவதும் குறைந்தது. அடுத்த பத்தாண்டில் வந்த சோதனைகளில் தானியம் கிடைக்கும் இடைவெளியை நீட்டிப் பார்த்தார்கள். பரிசு அரிதானபோது அந்தச் சரிவு தட்டையானது. புறா பொருந்தாத நிறத்தையும் கொத்தியது. கையில் கிடைப்பது குறையக் குறைய, வித்தியாசம் பார்க்கும் கறார்த்தனமும் குறைகிறது. (லாட்டரிக் கடை ஞாபகத்துக்கு வந்தால் அது வாசகர் பாடு.) புறாவின் பாடத்தை அப்படியே தேனீயின் தலையில் கட்ட முடியாதுதான்.

தேனீயின் பொறுமைக்கும் எல்லை உண்டு. வரிசையாகச் சில பூக்கள் காலியென்றால் அது தூரமாகப் பறந்துவிடுகிறது. பக்கத்தில் கொத்தில்லாத செடிக்கு இந்தப் பித்தலாட்டம் கட்டுப்படியாகாது.

புனேயில் மத்திய தேனீ ஆராய்ச்சி நிலையம் 1962 முதல் இயங்குகிறது. மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டிகளை வயலில் வைப்பவர்களுக்கு இதே கற்றல்தான் தலைவலி. பயிர் பூக்கும் முன்பே பெட்டி வந்துவிட்டால், தேனீக்கள் வேலியோரக் களைப்பூவில் ருசி கண்டு அங்கேயே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான், கொஞ்சம் பூக்கள் விரிந்த பிறகு பெட்டியை இறக்கச் சொல்கிறார்கள்.